நாலு வரி கூடியதும் நிரல் ஏன் நொண்டுகிறது?

மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். ஊரைச் சுற்றிச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் கணினி படிக்கிறான். குலைகளின் எடையைக் கூட்டிச் சொல்ல ஹாஸ்கெல் மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தான். போன வாரம் ஒட்டுக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. எடை மைனஸா வந்தா தள்ளிடணும்னு நாலு வரி சேர்த்தேன். இப்ப மெமரியைத் தின்னுது. விடை மட்டும் சரியா வருது. ஏன்?”

விடை சரியாக இருப்பதுதான் இதில் சிக்கல். இலக்கணத் தப்பு இருந்தால், நிரலைக் கணினிக்குப் புரியும்படி பெயர்க்கும் கம்பைலர் கத்தும்; வேகம் போனால் அது வாய் திறக்காது.

ஹாஸ்கெல் ஒரு கணக்கைக் கண்டதும் போடாது, விடை தேவைப்படும்போதுதான் போடும். ‘அப்புறம் கூட்டு’ என்று சீட்டு எழுதி வைக்கும். ஹாஸ்கெலுக்கான ஜிஎச்சி கம்பைலர், வேகப்படுத்தச் சொல்லும் ‘ஓ’ தேர்வு கொடுத்தால், இந்தத் தொகை கட்டாயம் தேவைப்படுமா என்று ஆராய்ந்து, தேவை என்றால் சீட்டு எழுதாமல் உடனே கூட்டிவிடும். சரி, அந்த ஆராய்ச்சி ஏன் திடீரென்று நின்றது?

பையன் எழுதிய, கூட்டல் வேலையைச் செய்யும் ஃபங்க்‌ஷன் முழு எண், தசம எண் எதையும் கூட்டும்படி பொதுவாக எழுதப்பட்டது. வாட்லர், பிளாட் என்ற ஆய்வாளர்கள் 1989-இல் முன்வைத்த டைப் கிளாஸ் முறை இது. எண் எந்த வகை என்று தெரியாததால், கூட்டுவது எப்படி என்ற குறிப்பேடு ஒன்று ஃபங்க்‌ஷனோடு கூடவே போகும். தராசுக் கொட்டகையில் ஒவ்வொரு குலைக்கும் ஏட்டைத் திறந்து பார்க்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். நேரம் போவது சின்ன நஷ்டம்தான். ஏட்டில் இருப்பது எந்தக் கூட்டல் என்று கம்பைலருக்கும் தெரியாது. ஏதோ ஒரு வகையின் கூட்டல், கொடுத்த எண்ணைத் தொடாமலே விடை சொல்லலாம். அதனால் முன்கூட்டியே கூட்ட அதற்குத் துணிவு வராது. 10 லட்சம் எடை என்றால் 10 லட்சம் சீட்டு குவியும்.

அப்படியானால் நேற்று மட்டும் எப்படி ஓடியது? ஃபங்க்‌ஷன் ஒரு கோப்பில், அதை அழைக்கும் இடம் வேறு கோப்பில். கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பெயர்த்து, பக்கத்தில் ஓர் இடைமுகக் கோப்பை வைக்கும். அதில் பெயரும் வகையும் இருக்கும். ஃபங்க்‌ஷன் சின்னதாக இருந்தால் உடலும், அதாவது உள்ளே எழுதிய வரிகளும், இருக்கும். அழைக்கும் இடத்தில் அந்த உடல் அப்படியே நகலாகும். தன்னையே அழைக்கும் ஃபங்க்‌ஷன் இப்படி நகலாகாது. இவன் சுழற்சியை, அதாவது திரும்பத் திரும்பக் கூட்டும் பகுதியை, உள்ளே தனியாக வைத்திருந்ததால் தப்பித்தான். நகல் வந்த இடத்தில் ‘இது முழு எண்’ என்று தெரிகிறது. குறிப்பேடு கழன்றுவிடுகிறது, கூட்டல் எது என்று தெரிகிறது, சீட்டு வேண்டாம் என்று முடிவாகிறது, தொகை செயலிக்குள் இருக்கும் சின்ன இடமான ரெஜிஸ்டரிலேயே உட்கார்ந்துகொள்கிறது. நாலு வரி கூடியதும் உடல் நகலெடுக்கும் அளவைத் தாண்டியது. முதல் கண்ணி அறுந்தது, பின்னால் வந்தவை எல்லாம் சேர்ந்து போயின. பையன் எதையும் கெடுக்கவில்லை. இத்தனை பெரிய விளைவு ஓர் அளவுக்கோட்டின் இரு பக்கத்தில் நிற்பதை நான் எத்தனை தடவை பார்த்தாலும் வியப்பேன்.

இந்த இடத்தில் பலர் எல்லா ஃபங்க்‌ஷன் தலையிலும் ‘உடலை நகலெடு’ என்று சொல்லும் ‘இன்லைன்’ குறிப்பை ஒட்டுகிறார்கள். புது லாரிக்கு எலுமிச்சை மிளகாய் கட்டுவது போன்ற நம்பிக்கை அது. நிரல் ஊதும், பெயர்க்கும் நேரம் நீளும், காரணம் மறைந்தே கிடக்கும். அளந்து பார்க்க வேண்டும். எழுதியதை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் ஜிஎச்சிஐ-யில் ஓட்டி வேகத்தை எடைபோடக் கூடாது. அது வழக்கமாக இந்த மேம்படுத்தல் எதையும் செய்யாது. ‘டிடம்ப்-சிம்ப்ல்’ தேர்வு கொடுத்தால் கம்பைலர் கடைசியில் என்ன எழுதியது என்று படிக்கலாம். சுழற்சிக்குள் டாலர் குறியும் டி எழுத்துமாகத் தொடங்கும் பெயர் தென்பட்டால், அதுதான் அந்தக் குறிப்பேடு.

ஜிஎச்சி 1989-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று தோட்டத்துப் பையன் அதை இலவசமாக இறக்கிக்கொள்கிறான். மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் வந்தது. ஒட்டுக்கன்று பால் தர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று அறிந்தே பணம் போட்டார்கள். கம்பைலர் ஆராய்ச்சிக்கும் அந்தப் பொறுமையோடு நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பையனை முதலில் கூட்டுத்தொகைக்கு முன்னால் ஆச்சரியக்குறி போடச் சொன்னேன். அது ‘இப்பவே கூட்டு’ என்ற கட்டளை. மெமரி அடங்கியது, ஆனால் பழைய வேகம் வரவில்லை. ஏடு இன்னும் கையில்தானே இருக்கிறது. அப்புறம் ‘இன்லைனபிள்’ குறிப்பு ஒன்றை, அந்த ஒரு ஃபங்க்‌ஷனுக்கு மட்டும் சேர்த்தான். உடல் எத்தனை பெரிதானாலும் இடைமுகக் கோப்பில் இருக்கும், அழைக்கும் கோப்பு முழு எண்ணுக்கென்று தனிப்பிரதி செய்துகொள்ளும். மறுபடி வெளியீட்டைத் திறந்து தேடினான். சுழற்சிக்குள் டாலர் குறிப் பெயர் இல்லை.