பிரயாசம்: ஒரு சொல்லும் அதன் களைப்பும்

வேலூர்ப் பக்கத்துச் சபைகளில் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். "ஐயர் ஊழியத்துல ரொம்பப் பிரயாசப்படுறாருங்க" என்பது போதகரைப் பற்றிய பாராட்டு. "சுயபிரயாசத்துல செய்யாதீங்க, கர்த்தர் பார்த்துக்குவார்" என்பது எச்சரிப்பு. இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பாடுபடுவதே விசுவாசக் குறைவோ என்ற மயக்கம் வந்துவிடுகிறது. அந்த மயக்கத்துக்குச் சொல் காரணமில்லை.

பிரயாசம் வடசொல். 'யஸ்' என்ற வேருக்குப் பொங்குதல், சூடேறுதல், முனைந்து உழைத்தல் என்ற பொருள்கள் உண்டு. அதன் முன்னே 'ப்ர' சேர்ந்து பிரயாசம் ஆயிற்று. 'ஆ' சேர்ந்தால் ஆயாசம். வெயிலில் நடந்து வந்து, திண்ணையில் சாய்ந்து, "ஆயாசமா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்கிறோமே, அதே ஆயாசம்தான். ஆக, பிரயாசம் என்றாலே பின்னால் களைப்பும் வரும். (பிரயத்தனத்துக்கு வேர் வேறு, அது 'யத்' என்பதிலிருந்து வந்தது.)

தமிழ் வேதாகமத்தின் புதிய ஏற்பாடு இச்சொல்லைப் பெரும்பாலும் 'கொப்போஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக வைக்கிறது. அதன் வேர், அடித்தலைக் குறிக்கும் வினை. "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று நாம் சொல்லும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. இதன் வினைச்சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு இடத்துக்கு இடம் வேறுவிதமாகத் தந்திருக்கிறது. "இராமுழுதும் நாங்கள் பிரயாசப்பட்டும்" என்று பேதுரு சொல்வதும், காட்டுப்பூக்கள் "உழைக்கிறதுமில்லை" என்பதும் ஒரே கிரேக்க வினைதான்.

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்று மத்தேயு 11:28இல் வருவதும் அதே வினைதான் என்று அறிந்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே வருத்தம் என்பது வெறும் மனத்துயரம் அல்ல, உடல் உழைப்பின் நோவு. "முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்ற குறளில் (619) இருக்கும் அதே வருத்தம். இன்று அச்சொல்லின் பொருள் மனத்தளவில் சுருங்கிவிட்டதால், மூட்டை தூக்கிக் களைத்தவனைக் கூப்பிட்ட குரல் நமக்குத் துக்க வீட்டு ஆறுதலாக மட்டுமே கேட்கிறது. பெரிய இழப்பு இது.

அந்தக் குறள் தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி தன் கூலியைத் தரும் என்கிறது. அப்போஸ்தலன் பவுல் வேறு இடத்தில் நிற்கிறார். "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நானல்ல" என்று 1 கொரிந்தியர் 15:10இல் சொல்லி, தேவகிருபையே செய்தது என்று முடிக்கிறார். பாடுபட்டதை அவர் மறைக்கவும் இல்லை, அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவும் இல்லை. கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா, அதாவது வீண், என்னும் 127ஆம் சங்கீதமும், கர்த்தர் கட்டாராகில் என்றுதான் தொடங்குகிறது. கொத்தனாரை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. 'சுயபிரயாசம்' என்பதில் கண்டிக்க வேண்டியது 'சுய' என்ற ஒட்டை மட்டுமே.

சின்ன வயதில் விருதம்பட்டில் ஆயாவோடு பாலாற்றுக்குப் போவேன். கோடையில் ஆறு முழுக்க மணல். முழங்கை ஆழம் தோண்டினால் மணல் கறுத்து ஈரம் தெரியும். இன்னும் தோண்டினால் ஓரம் சரிந்து விழும். சரிந்ததை மறுபடி அள்ளிப் போட வேண்டும். முதலில் ஊறுவது கலங்கல். அதைக் கொட்டாங்குச்சியால் இறைத்து ஊற்றிவிட்டு, "தோண்டுனது போதும், ஊறட்டும் உக்காரு" என்பாள் ஆயா. நகக்கண்ணெல்லாம் எரியும். தண்ணீர் தன் வேகத்தில் தெளிந்து வரும். பவுலின் வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊற்றுதான் நினைவில் எழுகிறது.

வேலூரின் பெரிய மருத்துவமனையான சி.எம்.சி.யும் இதே பாடத்தில் வளர்ந்ததுதான். 1900இல் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மாட்டுவண்டியிலும் பிறகு காரிலுமாகக் குடியாத்தம் சாலையோரம் வைத்தியம் பார்த்தது, ஜெபம் பண்ணியதற்கு மாற்றாக அல்ல.

சரி, பிரயாசத்துக்கு நல்ல தமிழ் எது? முயற்சி போதாது; அதில் களைப்பு இல்லை. உழைப்பு நெருங்கி வருகிறது. "உழந்தும் உழவே தலை" என்பதில் உள்ள உழத்தல், வருந்தி உழைப்பதுதான். ஆனாலும் என் தேர்வு பாடு. "பாடுபட்டு வளர்த்தேன்" என்று கழனியிலும் பீடி சுற்றும் திண்ணையிலும் இன்றும் உயிரோடு இருக்கும் சொல். வேதாகமத்தில் வரும் அன்பின் பிரயாசம் என்பதை 'அன்பின் பாடு' என்று சொல்லிப் பாருங்கள்.

பாடுகள் என்றால் லெந்து என்னும் தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளைத்தானே குறிக்கும், குழப்பம் வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். வந்தால் வரட்டும் என்றேன். யோவான் 4:6இல், நடந்து நடந்து "இளைப்படைந்தவராய்" நண்பகல் வேளையில் யாக்கோபின் கிணற்றோரம் உட்கார்ந்து, தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்குக் கேட்டவருக்கும் யோவான் எழுதியிருப்பது, பிரயாசப்படுவதைக் குறிக்கும் இதே கிரேக்க வினைதான்.