சொல் விளக்கம்: இனம் பாரா வேடமளிப்பு

"நிறக்குருட்டு வார்ப்பின் முன்னோடியான ரொசெட்டா லெனுவார்" என்று தொடங்கும் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை சென்ற மாதம் மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. இந்தத் தொடரை நான் சந்திப்பது இது மூன்றாம் முறை. முதன்முறை ஒரு கருத்தரங்க மேடையில் கேட்டேன். பேசியவர் அதைப் படித்துவிட்டு வேகமாக அடுத்த வரிக்குப் போய்விட்டார். இரண்டாம் முறை ஒரு சிறு பத்திரிகையில் பார்த்தேன். இம்முறை என்னால் பொறுக்க முடியவில்லை. லெனுவார் யாரென்று அறியாத ஒருவர் இந்த வரியைப் படித்தால் பேச்சு கண் நோயைப் பற்றியதா, உலோகப் பட்டறையைப் பற்றியதா என்று திகைத்துப் போவார். அமெரிக்க நாடக மேடையில் அறுபது ஆண்டுகள் உழைத்த ஒரு கறுப்பினப் பெண்ணை இப்படியா தமிழுக்கு அறிமுகம் செய்வது?

மூலத்தில் இருப்பது 'கலர் பிளைண்ட் காஸ்டிங்'. எந்த வேடத்துக்கு யார் என்று முடிவு செய்யும்போது நடிகரின் இனத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது என்பதுதான் பொருள். 'காஸ்ட்' என்னும் சொல் ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான பழைய நார்ஸின் 'காஸ்டா'விலிருந்து வந்தது. எறிதல் என்பது அடிப்பொருள். தூண்டில் எறிவது, பகடை எறிவது, உருக்கிய உலோகத்தை அச்சில் கொட்டுவது, பின்னர் வேடங்களைப் பிரித்துக் கொடுப்பது என்று ஆங்கிலத்தில் அது கிளை விட்டது. சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' போர்த்துக்கேய மொழி வழியாக வந்த வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிவதால், ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதிவிடலாமே என்பவர்களின் வழியும் அடைபட்டுவிடுகிறது.

முதலில் 'வார்ப்பு'. அகராதியில் கண்ட முதல் பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது. தமிழில் நாம் தோசை வார்ப்போம், நீர் வார்ப்போம், பஞ்சலோகச் சிலை வார்ப்போம். யாரும் நடிகரை வார்ப்பதில்லை. வார்ப்பு என்றாலே ஏற்கெனவே ஓர் அச்சு இருக்கிறது, அதற்குள் கொட்டி அதே வடிவத்தில் எடுக்கிறோம் என்று பொருள். லெனுவாரின் வாழ்க்கையோ அந்த அச்சை எதிர்த்த வாழ்க்கை.

அவர் 1911-இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறுவயதில் ரிக்கெட்ஸ் நோயால் கால்கள் பாதிக்கப்பட்டிருந்த அவருக்கு நடனம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய ஞானத்தந்தை பில் ராபின்சன், 'போஜாங்கிள்ஸ்' என்று அமெரிக்கா கொண்டாடிய நடனக் கலைஞர். 1939-இல் 'தி ஹாட் மிக்காடோ' இசை நாடகத்தில் அதே ராபின்சனுடன் மேடையேறினார். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கு 1944-இல் வந்த 'அன்னா லுகாஸ்டா'வில் நடித்தார். அந்த நாடகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அங்கே வரவேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் கறுப்பின நடிகைக்கு வழக்கமாகக் கிடைத்தவை பணிப்பெண் வேடங்களும் செவிலி வேடங்களும்தான். 1968-இல் அவர் 'அமாஸ்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். இலத்தீனில் 'நீ அன்பு செய்கிறாய்' என்று பொருள்படும் பெயர். கறுப்பர், வெள்ளையர், ஆசியர், இஸ்பானியர் எல்லாரும் ஒரே மேடையில் நடிக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட குழு அது. அங்கே உருவான 'பப்ளிங் பிரவுன் சுகர்' 1976-இல் பிராட்வே சென்று 700 காட்சிகளுக்கு மேல் ஓடியது. அமெரிக்க மேடை நடிகர்களின் சங்கமான ஈக்விட்டி 1989-இல் அவர் பெயரிலேயே ஒரு விருதை நிறுவி, முதல் விருதை அவருக்கே கொடுத்தது. 1999-இல் அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம் பெற்றார், 2002-இல் மறைந்தார்.

(கட்டுரை அவரை ஓரிடத்தில் 'தயாரிப்பாளர்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறது. தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டால் சினிமாவுக்குப் பணம் போடுகிறவர்தான் மனத்தில் வருவார். 'நாடகக் குழு நடத்தியவர்' என்று எழுதினால் அவர் செய்த வேலை தெரியும்.)

இப்போது 'நிறக்குருடு'. இது தமிழில் பொருள் முடிந்துபோன சொல். பள்ளி உயிரியல் பாடத்தில் ஹீமோஃபிலியாவுக்குப் பக்கத்தில், பால் சார்ந்த மரபுக் கடத்தலுக்கு எடுத்துக்காட்டாக நாம் எல்லாரும் படித்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை. தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வருவது. ஒரு குறைக்குப் பெயராக நிலைத்துவிட்ட சொல்லைத் தூக்கி ஒரு கொள்கையின் தலையில் வைத்தால், கொள்கையும் குறையாகத்தான் தெரியும். ஆங்கிலத்தில் 'பிளைண்ட்' என்பதற்கு ஒன்றைப் பொருட்படுத்தாதது என்ற நல்ல பொருளும் உண்டு. நீதிதேவதையின் கண்கட்டு அவர்களுக்குப் பழகிய படிமம். தமிழில் 'குருட்டு' என்று தொடங்கும் எதுவும் மதிப்புக்குரியதாக இருப்பதில்லை: குருட்டு நம்பிக்கை, குருட்டுப் பாடம், குருட்டாம்போக்கு. பார்வையற்றவர்களை அந்தச் சொல்லால் சுட்டுவதையே நாம் கைவிட்டு வரும் நாளில், அதைப் புதிய கலைச்சொல்லுக்குள் கொண்டுவந்து நுழைப்பதை எப்படி ஏற்பது?

இத்தனைக்கும் நம்மிடம் சொல் இல்லையா? தெருவில் போகிற யாரிடமும் இருக்கிறது. 'அவர் சாதி பார்க்கிறவர்' என்கிறோம். 'அவர் அதெல்லாம் பார்க்க மாட்டார்' என்கிறோம். ஆள் பார்த்துப் பேசுகிறான், காசு பார்த்துப் பழகுகிறான். 'பார்' என்னும் வினைக்குக் கணக்கில் கொள்ளுதல், பாகுபாடு காட்டுதல் என்ற பொருள் பேச்சிலேயே ஊறியிருக்கிறது. எழுத்திலும் அது பழையது. குமரகுருபரர் நீதிநெறி விளக்கத்தில் "மெய்வருத்தம் பாரார் பசிநோக்கார்" என்று தொடங்கி, அப்படிப்பட்டவரைக் "கருமமே கண்ணாயினார்" என்று முடிக்கிறார். உடல் வருத்தத்தைப் பாராதவர் குருடர் இல்லை. வேலையின் மேல் முழுக் கண்ணையும் வைத்தவர். லெனுவார் செய்தது இதுவேதான்: இனத்தைப் பாராமல் திறமையைப் பார்த்தார். 'பாரா' என்ற இரண்டெழுத்து இவ்வளவையும் தாங்கும்போது எதற்குக் குருட்டைக் கூப்பிட வேண்டும்?

'நிறம் பாரா' என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது, பிறகு மாற்றிக்கொண்டேன். தமிழில் நிறம் என்றால் ஒரே வீட்டுக்குள் அக்காள் சிவப்பு, தங்கை மாநிறம் என்று சொல்கிறோமே, அது. அமெரிக்க மேடையில் பேசப்பட்ட நிறம் அதுவல்ல. அங்கே மிக வெளிர்ந்த தோலுடையவரும் கறுப்பினத்தவராகவே கணக்கிடப்பட்டார். அவருக்கும் கதவு மூடியிருந்தது. கதவை மூடியது இனம். தமிழில் 'இனம் பாரா' என்று எழுதினால்தான் சரியான இடத்தில் விரல் படும்.

'காஸ்டிங்' என்பதற்கு 'நடிகர் தேர்வு' பரவலாக வழங்குகிறது. தவறென்று சொல்லமாட்டேன், ஆனால் பாதிதான் சொல்கிறது. குழுவுக்குள் ஆளை எடுப்பதும் தேர்வுதான். குழுவில் இருக்கிற கறுப்பின நடிகைக்குப் பணிப்பெண் வேடமா, எசமானி வேடமா என்பதுதானே வழக்கு? நம் பழைய நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட் யாருக்கு, ஸ்திரீபார்ட் யாருக்கு என்று வாத்தியார் முடிவு செய்வார். பையனைக் கம்பெனியில் சேர்த்துக்கொள்வது வேறு, அவனுக்குப் பார்ட் கொடுப்பது வேறு. சிலர் 'பாத்திர ஒதுக்கீடு' என்கிறார்கள். இது இன்னும் குழப்பம். தமிழ் வாசகருக்கு ஒதுக்கீடு என்றால் இட ஒதுக்கீடு, அதாவது சாதியைக் கணக்கில் கொண்டு பங்கு தருவது. 'இனம் பாரா ஒதுக்கீடு' என்று எழுதினால் தலையும் வாலும் எதிரெதிராக இழுக்கும். 'வேடம் கொடுத்தார்கள்' என்று எந்த நடிகரும் சொல்வார். அதைப் பெயராக்கினால் வேடமளிப்பு. எனவே இனம் பாரா வேடமளிப்பு.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கட்டுரையில் இன்னொரு கோளாறு இருக்கிறது, அது சொல்லைவிடப் பெரியது. மூலக் கட்டுரை லெனுவாரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் 'நான் டிரடிஷனல் காஸ்டிங்', அதாவது வழக்கத்துக்கு மாறாக வேடம் கொடுப்பது, என்றே சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒன்றென்று எண்ணி எல்லா இடத்திலும் நிறக்குருட்டைப் போட்டுவிட்டார். இரண்டும் ஒன்றல்ல. 1980-களின் நடுவில் ஈக்விட்டி சங்கம் எடுத்த கணக்கில், அமெரிக்காவின் தொழில்முறை நாடகங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் முழுக்க வெள்ளை நடிகர்களைக் கொண்டவை என்று தெரியவந்தது. அதையொட்டி 1986-இல் இதற்கென்றே ஓர் அமைப்பு பிறந்து, இந்தப் பெரிய சொல்லுக்குள் நான்கு வகையைப் பிரித்துக் காட்டியது. சமூகத்தில் மருத்துவராக, நீதிபதியாக எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள், மேடையிலும் அப்படியே காட்டுவது ஒன்று. நாடகத்தின் உலகத்தையே வேறொரு பண்பாட்டுக்குப் பெயர்த்து நடுவது இன்னொன்று. நாடகத்துக்குப் புதிய அழுத்தம் கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே ஒரு வேடத்தை வேற்றினத்தவருக்குக் கொடுப்பது மூன்றாவது. இனத்தைக் கணக்கிலேயே எடுக்காதது நான்காவது. இதில் நான்காவது மட்டுமே 'பாராமை'. மற்ற மூன்றும் நன்றாகப் பார்த்துச் செய்பவை.

'அன்னா லுகாஸ்டா'வுக்கு இப்போது வரலாம். அது போலந்து வழி வந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட நாடகம். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெமில் இயங்கிய அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர் அதைக் கறுப்பினக் குடும்பத்தின் கதையாக மாற்றியமைத்தது. பிராட்வேயில் 900 காட்சிகளுக்கு மேல் நடந்தது. இதை 'நிறக்குருடு' என்று எப்படிச் சொல்வது? இனத்தைக் கண்ணால் நன்றாகப் பார்த்து, பேச்சை மாற்றி, வீட்டை மாற்றிச் செய்த வேலை அது. நம் கட்டுரையாளர் அதையும் அந்த ஒரே சொல்லால் மூடிவிட்டார்.

'நான் டிரடிஷனல்' என்பதற்கு 'மரபுசாரா' என்று எழுதுவோரும் உண்டு. மரபுசாரா எரிசக்தி என்று காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் வழங்கும் சொல். அந்த மயக்கம்கூடப் பெரிதில்லை. வெள்ளையருக்கு மட்டும் வேடம் கொடுத்தது மரபு என்று யார் சொன்னது? 1821-இலேயே நியூயார்க்கில் ஆஃப்ரிக்கன் குரோவ் என்ற நாடக அரங்கில் கறுப்பின நடிகர்கள் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு நாடகத்தை நடித்தார்கள். அதே நியூயார்க்கில் பிறந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிஜ், அங்கே வாழ வழியின்றி 1824-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, 1833-இல் லண்டன் கோவன்ட் கார்டன் மேடையில் ஒத்தெல்லோவாக நின்றார். பின்னாளில் ஐரோப்பா முழுவதும் லியர் மன்னனாகவும் ஷைலக்காகவும் நடித்தார். இதுவும் மரபுதான். மற்றது நாடக முதலாளிகளின் வழக்கம். மரபு என்ற மதிப்பான சொல்லை அந்த வழக்கத்துக்குத் தானமாகக் கொடுக்க எனக்கு மனமில்லை. 'வழக்கம் மீறிய வேடமளிப்பு' என்று எழுதுகிறேன்.

சொல் சரியாக இல்லாவிட்டால் அதைச் சுற்றி நடந்த சண்டையும் புரியாது. லெனுவார் பெயரில் விருது வந்த மறு ஆண்டே, 1990-இல், 'மிஸ் சைகான்' நாடகத்தில் யூரேசிய (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு) வேடத்துக்கு ஜோனத்தன் பிரைஸ் என்ற வெள்ளை நடிகரை நியூயார்க்கில் நடிக்க விடமாட்டோம் என்று ஈக்விட்டி சங்கம் மறுத்தது. இனம் பார்க்கக் கூடாது என்றீர்களே, இப்போது ஏன் பார்க்கிறீர்கள் என்ற கேள்வி எழுந்தது. தயாரிப்பாளர் நாடகத்தையே ரத்து செய்வதாக அறிவித்தார். சங்கம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. 1996-இல் கறுப்பின நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரையில் இந்தக் கொள்கையையே கடுமையாக எதிர்த்தார்: வெள்ளையருக்காக எழுதிய நாடகத்தில் கறுப்பர் நடிப்பது, தங்களுக்கென்று ஒரு வரலாறு இருப்பதை மறுப்பதாகும் என்பது அவர் வாதம், கறுப்பினத்தவருக்குத் தனி நாடக அரங்குகள் வேண்டும் என்றார். 'பார்' என்ற வினையை வைத்துச் சொன்னால் தமிழ் வாசகருக்கு இது உடனே விளங்கும். ஒருவர் என் இனத்தைப் பாராதே என்கிறார், மற்றவர் என் இனத்தைப் பார் என்கிறார். 'நிறக்குருட்டை வில்சன் எதிர்த்தார்' என்று எழுதினால் இதில் எது விளங்கும்? ஒரு நோயை எதிர்த்தார் என்றுதானே தோன்றும்?

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான். ஆங்கிலத் தொடரைச் சொல் சொல்லாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் ஒரு துண்டைத் தேடி ஒட்டுகிறார்கள். அந்தத் தொடர் எதைச் செய்தவர்களைப் பற்றிப் பேசுகிறது, அதையே நம் ஊரில் ஒருவர் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் அதை எப்படிச் சொல்வார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் 'பாராமை' தானாக நாவில் வந்திருக்கும்.

கட்டுரையின் முதல் வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: "இனம் பாராமல் வேடம் கொடுக்க வேண்டும் என்று போராடி, அதற்கென்றே ஒரு நாடகக் குழுவையும் நடத்திக் காட்டியவர் ரொசெட்டா லெனுவார்." வரி நீண்டுவிட்டது என்று பதில் வந்தது. நீளட்டும் என்று எழுதியிருக்கிறேன்.