பிரஸ் கிட்டைத் திறப்பவர்களை நினைத்துத் தயாரியுங்கள்

மேடை நிகழ்ச்சிகளுக்கு டிஜேக்களையும் இசைக்குழுக்களையும் தேர்ந்தெடுத்து, தேதி பேசி, மேடை ஏற்றிவிடுவது என் வேலை. நல்ல இசை கையில் இருந்தும் வாய்ப்பைத் தவறவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மனசு கேட்காமல்தான் பிரஸ் கிட் பற்றி, அதாவது உங்கள் படம், அறிமுகம், இசை, மேடைத் தேவை எல்லாம் சேர்த்து நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு அனுப்பும் தொகுப்பைப் பற்றி, இதை எழுதுகிறேன்.

ஒரு நிகழ்ச்சியின் போஸ்டர் அன்று இரவே அச்சுக்குப் போகவேண்டும். முக்கியக் கலைஞரின் படம் என்று எங்களிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிப்போன ஒரு சின்னப் படம். அதன் மேலேயே பழைய நிகழ்ச்சி ஒன்றின் தேதி வேறு எழுதியிருந்தது. அவரைக் கூப்பிட்டால் போன் அணைந்திருக்கிறது, அவர் விமானத்தில் இருக்கிறார். டிசைனர் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்? முதலில் வாசிக்கவிருந்த புதுக் குழுவின் தெளிவான படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, முக்கியக் கலைஞரின் பெயரை எழுத்தில் மட்டும் வைத்தார். போஸ்டரைப் பார்த்து அந்தக் கலைஞர் வருத்தப்பட்டார், அது நியாயமான வருத்தம்தான். ஆனால் அன்று எங்களுக்கு வேறு வழி இல்லை.

பிரஸ் கிட் என்றால் தன்னைப் பற்றிய புகழுரை என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது நான்கைந்து பேருக்கான வேலைப் பொருள். டிசைனருக்குப் படம், அறிவிப்பாளருக்குப் பெயர், செய்தியாளருக்கு இரண்டு பத்தி, சவுண்ட் இன்ஜினியருக்கு மேடைத் தேவை, என்னைப் போன்றவர்களுக்குக் கேட்டுப் பார்க்க இசை. இவர்களில் ஒருவர்கூட உங்களுக்குப் போன் போடாமல் தன் வேலையை முடிக்க முடிகிறது என்றால் அது நல்ல பிரஸ் கிட்.

படத்திலிருந்து தொடங்குகிறேன். ஏ3 அளவு போஸ்டரை 300 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். உங்கள் அசல் படம் அதற்கு அருகிலாவது இருக்கட்டும். நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று, மேடையில் வாசிக்கும்போது எடுத்தது ஒன்று என மூன்று படங்கள் போதும். எதிலும் எழுத்து, ஃபில்டர், வாட்டர்மார்க் வேண்டாம். முகத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் விட்டு எடுத்தால் டிசைனருக்குத் தலைப்பு வைக்க இடம் கிடைக்கும். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் படம் எடுத்தவர் பெயரும் இருக்கட்டும். லோகோ இருந்தால் பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பு ஒன்றும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி கோப்பு ஒன்றும் வையுங்கள்.

அடுத்து பயோ, அதாவது உங்களைப் பற்றிய அறிமுகக் குறிப்பு. ‘சிறுவயதிலிருந்தே இசைமீது தீராத காதல் கொண்டவர்’ என்று தொடங்குவதை நான் வாரம் தவறாமல் படிக்கிறேன். அந்த வரி உங்கள் இசை எப்படி ஒலிக்கும் என்று எனக்குச் சொல்வதில்லை. ‘இசைத்தட்டுகளை மட்டுமே வைத்து டப்பிலிருந்து ஜங்கிளுக்கு நகரும் இரண்டு மணி நேர செட் வாசிப்பவர்’ என்றால் (டப், ஜங்கிள் இரண்டும் இசை வகைகள்) உங்களை எந்த நேரத்தில், யாருக்கு அடுத்து வைக்கலாம் என்று உடனே பிடிபடுகிறது. 50 சொற்களில் ஒன்று, 150 சொற்களில் ஒன்று, ஒரு பக்கத்துக்கு ஒன்று என எழுதிவையுங்கள். படர்க்கையில் எழுதினால் செய்தியாளர் அப்படியே எடுத்துப் போடலாம். பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் ஒரு வரி சேருங்கள். மேடையில் பெயரைத் தவறாகக் கூப்பிட்டதும் கலைஞரின் முகம் வாடிப்போவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இசையைப் பொறுத்தவரை குறைவாகக் கொடுங்கள். குழு என்றால் மூன்று பாடல்கள், உங்களுக்கே மிகவும் பிடித்தது முதலில். டிஜே என்றால் சமீபத்திய மிக்ஸ் ஒன்று, டிராக் பட்டியலுடன். டவுன்லோட் செய்யாமல் அழுத்தியதும் ஒலிக்கவேண்டும். கூட்டத்தின் முன் எடுத்த ஒரு நிமிட வீடியோவும் அவசியம். வெட்டி ஒட்டிப் பளபளப்பாகச் செய்த வீடியோவைவிட, ஒரே கேமராவில் ஒலி சுத்தமாகப் பதிந்த வீடியோவை நான் நம்புகிறேன்.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது டெக் ரைடர், அதாவது மேடையில் என்னென்ன கருவி, வசதி வேண்டும் என்ற பட்டியல். எனக்கு மிகவும் வேண்டியது அதுதான். டிஜேக்கள் ‘இரண்டு சிடிஜே, ஒரு மிக்ஸர்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சிடிஜே என்பது டிஜேக்கள் பாட்டை ஓட்டும் பிளேயர், அதில் பல மாடல்கள் உண்டு. 2016இல் வந்த சிடிஜே-2000 நெக்ஸஸ் 2வும் 2020இல் வந்த சிடிஜே-3000மும் இன்னும் மேடைகளில் இருக்கின்றன. உங்களுக்கு எது வேண்டும், அது கிடைக்காவிட்டால் எது பரவாயில்லை என்று எழுதுங்கள். எத்தனை பிளேயர், பிளேயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் லிங்க் கேபிள் வேண்டுமா, டிஜே தான் கேட்பதற்கான ஸ்பீக்கரான பூத் மானிட்டர் எந்தப் பக்கம் என்பதும் இருக்கட்டும். இசைத்தட்டு வாசிப்பவர் என்றால் ஊசியும் அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜும் யார் கொண்டுவருவது என்று சொல்லுங்கள். இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை அதிராத மேசையில் வைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். பாஸ் அதிர்வு ஊசிக்கு ஏறினால் ஊளைச் சத்தம் வரும். அப்புறம், உங்கள் யுஎஸ்பி எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் இருக்கட்டும். என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மேட்டை இந்த பிளேயர்கள் படிக்காது.

இசைக்குழு என்றால் சேனல் வாரியாக இன்புட் பட்டியல் வேண்டும், அதாவது மிக்ஸரின் எந்த இணைப்பில் எந்தக் கருவி என்று. கிக், ஸ்னேர் என்ற டிரம்களில் தொடங்கி, கீபோர்டு ஸ்டீரியோ என்றால் அதை மிக்ஸரோடு இணைக்க இரண்டு டிஐ பாக்ஸ், எந்த மைக்குக்கு கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டம் பவர் வேண்டும் என்பதுவரை. யார் எங்கே நிற்பார், யாருக்கு மானிட்டர், எங்கே மின்இணைப்பு என்று காட்டும் மேடை வரைபடத்தை (ஸ்டேஜ் பிளாட்) ஒரு பக்கம் வரைந்துவிடுங்கள். மேடை வலது என்பது பார்வையாளரைப் பார்த்து நிற்கும் கலைஞரின் வலது. இதில் குழம்பி, சவுண்ட்செக்கில் மொத்த மேடையையும் மாற்றி அடுக்கிய நாள்கள் உண்டு.

ஃபாலோயர் எண்ணிக்கை எனக்குப் பெரிதில்லை. எங்கெல்லாம் வாசித்தீர்கள் என்ற பட்டியலில் உண்மையானவை ஐந்து இருந்தால் போதும். சரிபார்ப்போம், விசாரிப்போம். பத்திரிகை பாராட்டியிருந்தால் ஒரு வரி, அதன் இணைப்போடு. புக்கிங்குக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடுங்கள்.

இவை எல்லாவற்றையும் மெயிலில் கட்டி அனுப்பாதீர்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்கவே முடியாது. சில நாளில் காலாவதியாகும் டிரான்ஸ்ஃபர் இணைப்பும் வேண்டாம், நான் அதை ஒரு மாதம் கழித்துத் திறக்க நேரலாம். நிரந்தரமான ஒரே இணைப்பு, அதற்குள் படம், பயோ, இசை, ரைடர் எனத் தனித்தனி ஃபோல்டர். அனுப்புவதற்கு முன் உங்கள் கணக்கு இல்லாத வேறொருவர் போனில் அதைத் திறந்து பாருங்கள். ‘அனுமதி கேளுங்கள்’ என்று வந்தால், எனக்கும் அதேதான் வரும்.