கைலி நனைந்தால் மருந்து எங்கே போகிறது?

டெல்டாவில் களைக்கொல்லி அடிப்பவர் மூக்கில் துண்டைக் கட்டியிருப்பார், இடுப்புக்குக் கீழே கைலி நனைந்து தொடையோடு ஒட்டிக்கிடக்கும், அதை யாரும் கண்டுகொள்வதில்லை. வாடை மூக்கைத் துளைக்கிறது, அதனால் ஆபத்தும் அந்த வழியாகத்தான் வரும் என்று ஒரு நினைப்பு. கைத்தெளிப்பானில் வருவது பெரும்பாலும் பெரிய துளிகள். அவை நுரையீரல் வரை போவதில்லை, தோலிலும் துணியிலும்தான் விழும். வயல் வேலையில் மருந்து உடம்புக்குள் போகும் முக்கியமான வழி தோல்.

தோல் தடுக்காதா? ஓரளவுக்குத் தடுக்கும். அதன் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. பதினைந்து இருபது வரிசை இருந்தாலும், பெரும்பாலான இடங்களில் மொத்தத் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். செங்கல் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. மருந்து பெரும்பாலும் சாந்து வழியாகத்தான் இறங்குகிறது. மேலே அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கும்வரை மூலக்கூறுகள் தானாக உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும்.

வழி கொழுப்பு என்பதால் எண்ணெயில் கரையும் மருந்துக்குக் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கிறது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தண்ணீரில் நன்றாகக் கரையும் சரக்கு, நல்ல தோல் வழியாகச் சில சதவீதம்கூடப் போவது கடினம். நடவு முடிந்ததும் போடுகிற பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் அப்படியில்லை. இரண்டும் எண்ணெய்த்தன்மை உள்ளவை, தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுப்பவை. டப்பாவில் அவற்றோடு இருக்கும் கரைப்பான் தோலின் கொழுப்பையும் இளக்கிவிடும்.

அதனால் மருந்து அடிக்கிற நேரத்தைவிடக் கலக்கிற நேரம்தான் எனக்குப் பயம். பூட்டாகுளோரை ஏக்கருக்கு ஒரு லிட்டர் என்று 200 லிட்டர் தண்ணீரில் கலந்தால், டப்பாவில் இருக்கும் ஒரு சொட்டு டேங்கில் இருக்கும் 200 சொட்டுக்குச் சமம். அப்புறம் மணலில் கலந்து தூவும் வழக்கம் இருக்கிறதே, அந்த ஒரு லிட்டரையும் இருபது கிலோ மணலில் ஊற்றி வெறுங்கையால் பிசைகிறார்கள். அங்கே தண்ணீர் கலப்பே கிடையாது!

உடம்பில் எந்த இடம் என்பதும் முக்கியம். 1971-இல் மைபாக் என்ற தோல் ஆய்வாளரின் குழுவினர் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை மனிதர்களின் தோலில் தடவி அளந்தார்கள். முன்கையில் 9 சதவீதம் அளவுக்கு உள்ளே போனது, நெற்றியில் 36, விதைப்பையில் கிட்டத்தட்ட முழுவதும். அது களைக்கொல்லி இல்லை, எண்கள் மருந்துக்கு மருந்து மாறும், ஆனால் எந்தத் தோல் மெல்லியது என்பது மாறாது. நனைந்த கைலியை இப்போது மறுபடி யோசித்துப் பாருங்கள். ஈரத்துணி ஒட்டிக்கொண்டால் வியர்வை உலராது, தோல் ஊறும், ஊறிய தோல் மருந்தை இன்னும் எளிதாக உள்ளே விடும். வெயிலில் ரத்த ஓட்டமும் கூடும்.

சேற்றுப்புண் இருந்தால் சுவரே இல்லை என்று அர்த்தம். வரப்பில் அடிக்கும் பாராகுவாட் என்ற களைக்கொல்லி நல்ல தோலில் அதிகம் இறங்காது, ஆனால் செறிவான மருந்து தோலையே அரித்துப் புண்ணாக்கி, அந்தப் புண் வழியாக உள்ளே போய்விடும். அதற்கு முறிவு மருந்து கிடையாது.

சாயங்காலம் குளித்தால் போச்சு என்பார்கள், பாதிதான் சரி. மேலே இருப்பது சோப்பில் போகும். ஆனால் மேலடுக்கின் கொழுப்புக்குள் ஏற்கெனவே இறங்கியது அங்கேயே தங்கி, குளித்தபின்னும் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேரும். மருந்து பட்ட உடனே வாய்க்கால் ஓரத்தில் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் வைத்துக் கழுவினால் பலன் அதிகம். கைக்கு ரப்பர் உறை போடுங்கள், துணி உறை வேண்டாம். அது மருந்தைக் குடித்துத் தோலோடு அழுத்தியே வைத்திருக்கும். ரப்பர் உறையும் உள்ளே நனைந்துவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள். மருந்து பட்ட கைலியை மற்ற துணிகளோடு ஊறப்போட வேண்டாம், துவைப்பவர் கையிலும் அதே தோல்தான்.