இன்ஜினைப் பிரிக்குமுன் டயரை அளந்து பாருங்கள்

வேலூர் பக்கம் பொய்கை மாட்டுச் சந்தை செவ்வாய்க்கிழமை. அதனால் புதன்கிழமை காலையில் என் பட்டறை வாசலில் நிற்கிற பிக்கப்புகளில் பாதி சாணி வாசனையோடுதான் நிற்கும். அப்படி ஒரு புதன்கிழமை வந்த வண்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே மாடு ஏற்ற மூங்கில் தடுப்பு. கீழே காட்டு ஜீப்புக்குப் போடுகிற 31 இன்ச் முரட்டு டயர், அகலமான அலாய் வீல். ஓட்டி வந்தது அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன்.

"இன்னான்னே தெரியலண்ணா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஏலகிரிக்கு டைல்ஸ் லோடு ஏத்துனா முன்னெல்லாம் ரெண்டாவது கியர்லயே போய்டும். இப்ப மூணாவது வளைவுலயே ஒண்ணுக்கு எறக்க வேண்டிகீது. கிளட்ச் வாசனை வேற."

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவதிலேயே முதல் கியர் என்றால் மீதி வழியை நினைத்துப் பாருங்கள். தம்பி ஏற்கெனவே இரண்டு இடத்தில் காட்டியிருந்தான். ஒருவர் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். இன்னொருவர் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற டர்போ போய்விட்டது என்று சொல்லி அதையும் மாற்றி, கூடவே கிளட்ச் பிளேட்டும் போட்டார். செலவான பணத்தில் ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம். யார் அந்த மெக்கானிக்குகள் என்று நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"டயர் எப்ப மாத்துன?"

"தீபாவளிக்கு."

"எப்பலேர்ந்து இழுக்கல?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தீபாவளிக்கு அப்புறம்தாண்ணா" என்றான்.

வண்டியில் மோட்டாரும் கியர்பாக்ஸும், பின் ஆக்சிலில் வீலைச் சுற்றுகிற பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையில் கடைசிக் கியர் டயர்தான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பைக்கில் பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டிப் போட்டால் மேட்டில் நன்றாக ஏறும், ஓட்டத்தில் வேகம் குறையும். பெரிய டயர் போடுவது அதற்கு நேர் எதிர். வீல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி அதிக தூரம் போகிறது. அந்த அதிக தூரத்துக்கான பலத்தை அதே இன்ஜின்தான் கொடுக்க வேண்டும்.

அவனுக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஒரு வேலை செய்தேன். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை நேராகத் தள்ளி, கோடு மறுபடி கீழே வந்ததும் தரையில் இன்னொரு கோடு. நடுவில் டேப் பிடித்தால் 8 அடிக்கு மேல். ஸ்டெப்னி மட்டும் கம்பெனி கொடுத்த பழைய 215/75 ஆர்15 அளவு டயர். அதை இறக்கி உருட்டினோம். 7 அடி 3 அங்குலம் வந்தது. கணக்குப்படி பழைய டயரின் விட்டம் சுமார் 703 மில்லி, புதியது 787. பன்னிரண்டு சதவீதம் பெரிது. அதாவது இவன் போடுகிற ஒவ்வொரு கியரும் பத்து சதவீதத்துக்கு மேல் பலம் குறைந்த கியர். மேட்டில் இரண்டாவது கியர் திணறுவது அதனால்தான். ஐந்தாவதிலும் இதே கதை. பள்ளிகொண்டா பக்கம் தட்டையான ரோட்டில்கூட இன்ஜின் சுற்று (ஆர்பிஎம்) டர்போ எழும்பாத அளவுக்குக் கீழே போய்விடுகிறது. வண்டி முனகுகிறது, டிரைவர் நாலுக்கு இறக்குகிறார்.

எடையும் இருக்கிறது. பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் இரண்டு வீலையும் வைத்துப் பார்த்தோம். ஒன்றுக்குப் பத்து கிலோவுக்கு மேல் வித்தியாசம். லோடு தொட்டியில் ஏற்றுகிற பத்து கிலோவும் சுற்றுகிற வீலில் ஏறும் பத்து கிலோவும் ஒன்றல்ல. வீலை முன்னே நகர்த்துவதோடு சுழற்றவும் வேண்டும். ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும்.

மைலேஜ் கதை கொஞ்சம் வேடிக்கையானது. "14 குடுத்த வண்டி 11தான் குடுக்குது" என்று புலம்பினான். ஆனால் மீட்டருக்கு டயர் மாறியது தெரியாது; அது வீல் சுற்றைத்தான் எண்ணுகிறது. மீட்டரில் 100 கிலோமீட்டர் ஓடினால் ரோட்டில் 112 ஓடியிருக்கும். ஆக உண்மையான மைலேஜ் 12-க்கு மேல். குறைந்தது உண்மை, ஆனால் அவன் நினைத்த அளவுக்கு இல்லை. இதன் மறுபக்கம்தான் ஆபத்து. மீட்டர் 80 காட்டும்போது வண்டி 89-ல் போய்க்கொண்டிருக்கும். போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி எப்போதும் இதுதான்: "சிப் போட்டா சரியாயிடுமாண்ணா?" இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிப் பலம் கூட்டுகிற சாமான் அது. போட்டால் காலுக்கு ஒரு துள்ளல் தெரியும். கியர் அதே தப்பான கியர்தான். கூடுதல் டார்க்கையும், அதாவது சுழற்றுகிற பலத்தையும், அதே கிளட்ச்தான் தாங்க வேண்டும், சூடும் ஏறும், வாரண்டி இருந்தால் அதுவும் போச்சு. லோடு வண்டிக்கு நான் சிப் போடுவதில்லை.

இழுவையைத் திரும்பக் கொண்டுவர நேரான வழி கிரவுன் பினியனை மாற்றுவது. முதலில் இப்போது இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். நியூட்ரலில் போட்டு, முன் வீல்களுக்கு அடைகொடுத்து, பின்னால் ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் குறி வையுங்கள். இரண்டு பின் வீலையும் ஒன்றாக ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. தம்பி வண்டியில் நாலு சுற்றும் கொஞ்சமும் வந்தது, 4.1 என்று வைத்துக்கொள்ளலாம். 31 இன்ச் டயரோடு அது 3.66 மாதிரி வேலை செய்கிறது. பழைய இழுவை வேண்டுமானால் 4.6-க்குப் பக்கத்தில் ஒரு செட் தேவை. கிரவுனில் 41, பினியனில் 9 பல் உள்ள செட் கிடைத்தால் 4.56, கச்சிதம். அது அதே ஹவுசிங்கில் உட்கார வேண்டும் என்பதுதான் தலைவலி. நம்மூர் லோடு பிக்கப்புகள் எல்லாவற்றுக்கும் வேறு ரேஷியோ கிடைப்பதில்லை. நான்கு வீலும் இழுக்கிற வண்டியில் முன்னால் ஒரு செட், பின்னால் ஒரு செட், இரண்டும் ஒரே ரேஷியோவாக இருந்தே தீர வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் லீவரைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, இரண்டு பக்கத்துக்கும் பலத்தைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்துதான் நிற்கும்.

பொருத்துகிற கை முக்கியம். பினியன் ஆழத்தைச் சரிசெய்ய ஷிம் என்கிற மெல்லிய தகடு, கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே இரண்டு தலைமுடித் தடிமன் அளவுக்கு ஆட்டம், பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவி எங்கே பதிகிறது என்று பார்ப்பது. ஒரு செட்டுக்கு நான்கைந்து முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். அந்த ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் இல்லாமல் "கைக்குத் தெரியும்" என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஊளையிடத் தொடங்கும், பிறகு அது நிற்காது. புது செட் போட்டதும் முதல் இருபது கிலோமீட்டர் காலி வண்டியாக மெதுவாக ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். முதல் 800 கிலோமீட்டரில் கியர் ஆயிலை மாற்ற வேண்டும். மறுநாளே ஒடுகத்தூர் சந்தைக்கு முழு லோடு என்றால், போட்ட காசு ஆயிலோடு கரைந்துவிடும்.

இத்தனை செய்தாலும், பெரிய டயர் இருக்கிறவரை பழைய பிரேக் பலம் திரும்பாது. இதை யாருமே சொல்வதில்லை. அதே மிதிக்கு, ரோட்டில் பிடிக்கிற பலம் பத்து சதவீதம் குறைவு. மாடு நிற்கிற வண்டி ஏலகிரியில் இறங்கும்போது பத்து சதவீதம் சின்ன விஷயமில்லை. டயர் மட்கார்டில் உரசுவது, பேரிங் சீக்கிரம் தேய்வது எல்லாம் தனி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த அளவிலிருந்து பதிவு விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று வாங்கப் போகும்போது டயரை மாற்றிக்கொண்டு போகிற கூத்து எனக்கும் தெரியும். விபத்து நடந்த அன்று அப்படி மாற்றிக்கொண்டு போக முடியாது.

தம்பியின் வண்டிக்கு 4.56 செட் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் லோடு வண்டிக்குப் போட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. "பழையதுக்கே போயிடு" என்றேன். முகம் வாடியது. கடைசியில் ஜீப் வைத்திருக்கிற ஒருவருக்கு 31 இன்ச் செட்டை விற்றுவிட்டு 235/75 ஆர்15 போட்டான். அது நாலு சதவீதம்தான் பெரிது. பக்கவாட்டில் உள்ள லோடு இண்டெக்ஸ் நம்பர் பழையதைவிடக் குறையக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். இப்போது டைல்ஸோடு இரண்டாவதில் ஏறுகிறதாம். எந்த வளைவு வரை என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்டெப்னி மட்டும் இன்னும் 215. பின்னால் பஞ்சரானால் அதை அங்கே மாட்டாதே, முன் வீல் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு ஸ்டெப்னியை முன்னால் மாட்டு என்று சொல்லியிருக்கிறேன். பின்னால் இரண்டு அளவு இருந்தால், இரண்டு பின் வீலையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃப்ரன்ஷியலுக்குள் சின்னப் பல்சக்கரங்கள் நேர் ரோட்டில்கூட ஓயாமல் சுற்றும். "அப்ப அஞ்சாவது ஒண்ணு வாங்கணுமாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனான். வாங்கினானா என்று புதன்கிழமை வந்தால் தெரியும்.