ஆள் பெரியவர்தான், கணக்கு எங்கே?

நாகர்கோவிலில் கணக்குத் தணிக்கை அலுவலகம் நடத்துகிறேன். ஜூலை மாதம் வருமான வரிக் கணக்கு கொடுக்க வருகிறவர்களால் முன்னறை நிரம்பிவிடும். ரப்பர், தேங்காய், கடை வரவு, பென்ஷன் என்று வழக்கமான கோப்புகள்தான். ஆனால் நாலைந்து வருடமாக அவற்றோடு இன்னொரு வகையும் வருகிறது. ஒரு பெரிய தொழில்நுட்பக் கம்பெனித் தலைவர் மேல் வைத்த நம்பிக்கையில் போட்ட பணம்.

திங்கள்சந்தையில் மொபைல் கடை வைத்திருக்கும் ஒருவர் 2023 ஜூலையில் வந்தார். 2021 மே மாதம் டோஜ்காயின் என்ற கிரிப்டோ நாணயம் வாங்கியிருக்கிறார். "எலான் மஸ்க் டிவியில வாறாருன்னு சொன்னாங்க சார். அவரு தொட்டா ஏறும்லா?" என்றார். டெஸ்லா என்ற மின்சாரக் கார் கம்பெனியின் தலைவரான மஸ்க் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் தோன்றியது அந்த மாதம் 8-ஆம் தேதி. அதற்குச் சற்று முன்பு ஒரு காயின் 70 சென்ட்டைத் தாண்டியிருந்தது. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே விலை சரிந்தது. ஓராண்டில் 10 சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. அவர் 1,80,000 ரூபாய் நஷ்டத்தில் விற்றார்.

அவருக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி என் மேசையில் காத்திருந்தது. அதே நிதியாண்டில் வேறொரு காயினில் 60,000 ரூபாய் லாபம் பார்த்திருந்தார். "ரெண்டையும் சேத்தா நஷ்டந்தானே சார், வரி எதுக்கு?" என்று கேட்டார். 2022 ஏப்ரல் முதல் வந்த விதி அப்படிச் சேர்க்க விடாது. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி. மொத்தம் 18,720 ரூபாய். பணத்தை இழந்துவிட்டு, அதே வருடத்துக்கு வரியும் கட்டிவிட்டுப் போனார். அவர் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

மஸ்க் மேல் நம் ஊரில் இருக்கும் மதிப்பு எனக்குப் புரிகிறது. ராக்கெட் நமக்குத் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. இஸ்ரோ தலைவராக இருந்த சிவனும், 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த நாராயணனும் இந்த மாவட்டத்துக்காரர்கள். மேலே போன ராக்கெட்டின் அடிப்பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து நிமிர்த்தி நிறுத்திய மஸ்கின் இன்னொரு கம்பெனியை நம் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பதில் தவறே இல்லை. நானும் பார்த்தேன். அந்த வியப்பு அப்படியே பணப்பைக்குள் இறங்குவதுதான் எனக்குக் கவலை.

மஸ்கின் சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள். 2018 ஆகஸ்டில், டெஸ்லா பங்குகளை 420 டாலர் விலையில் வாங்கிக் கம்பெனியைப் பங்குச் சந்தையிலிருந்து வெளியே எடுக்க யோசிப்பதாகவும், அதற்குப் பணம் உறுதியாகிவிட்டதாகவும் ட்விட்டரில் எழுதினார். பங்கு ஏறியது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வழக்குப் போட்டது. அவரும் கம்பெனியும் தலா 2 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள், அவர் சேர்மன் பதவியை விட்டு இறங்கினார். முதலீட்டாளர்கள் தனியாகப் போட்ட வழக்கில், 2023-ல் ஜூரி அவர் பொறுப்பாளி இல்லை என்று சொன்னது. அதையும் சொன்னால்தான் நியாயம்.

2020 மே 1-ஆம் தேதி, தன் கம்பெனிப் பங்கின் விலை அதிகமாக இருக்கிறது என்று அவரே எழுதினார். அன்றே சுமார் 10 சதவீதம் விழுந்தது. முந்தின நாள் ஓடிய அதே தொழிற்சாலை, அதே கார்கள், அதே கடன். அவர் பேச்சைக் கேட்டு அன்று விற்றவர்களும் நட்டப்பட்டார்கள், ஏனென்றால் அந்த வருடம் முடிவதற்குள் விலை சில மடங்கு ஏறிவிட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் 'சிக்னல் பயன்படுத்துங்கள்' என்று ஒரு செயலியைப் பற்றி எழுதினார். ஜனங்கள் அதே பெயரின் சாயல் கொண்ட, அந்தச் செயலியோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு குட்டிக் கம்பெனியின் பங்கை வாங்கித் தள்ளினார்கள். ஒரு டாலர்கூட இல்லாத பங்கு சில நாளில் 38 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று பார்த்திருப்பார்கள்?

நம் ஊரில் ஒரு ரப்பர் தோட்டம் வாங்குகிறவர் எப்படி வாங்குகிறார்? மூலப்பத்திரம் கேட்கிறார். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். மரம் எத்தனை, எத்தனை வருடமாகப் பால் வெட்டுகிறார்கள், பட்டை எவ்வளவு மிச்சம் என்று நேரில் போய்த் தடவிப் பார்க்கிறார். விற்கிறவர் பெரிய மனுஷர், மேடையில் நன்றாகப் பேசுவார் என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கமாட்டார். 2011-ல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்ற ரப்பர் ஷீட் 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே வந்ததைத் தாங்கிய ஜனங்கள் நாம். இவ்வளவு விவரம் உள்ளவர்கள், போனில் நாலு பட்டன் அழுத்தி வாங்கும் பங்கு என்றதும் பத்திரம் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

புகழ் ஒரு கணக்குக்குச் சாட்சி ஆகாது என்பதை நான் கற்றுக்கொண்டது ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில், அதாவது ஆடிட்டர் ஆவதற்கு முன் வேலை பழகிய நாட்களில். 2008-ல் சத்யம் என்ற சாஃப்ட்வேர் கம்பெனிக்குச் சிறந்த நிர்வாகத்துக்கான 'கோல்டன் பீகாக்' விருது கிடைத்தது. அதன் தலைவர் ராமலிங்க ராஜுவை நாடே கொண்டாடியது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி, கணக்கில் காட்டிய பணத்தில் 5,000 கோடிக்கு மேல் இல்லவே இல்லை என்று அவரே கடிதம் எழுதினார். பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. நான் வேலை கற்ற அலுவலகத்தில் அன்று மத்தியானம் யாரும் சாப்பிடப் போகவில்லை. அந்தக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கள் தொழில்காரர்கள்தான். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. 2015-ல் ராஜுவுக்கு ஏழு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

வெறுப்பும் இதே வேலையைச் செய்யும். பெங்களூருவில் வேலை பார்க்கும் மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர், 2025 மார்ச்சில் தன் டெஸ்லா பங்குகளை எல்லாம் விற்றார். மஸ்க் அமெரிக்க அரசியலில் இறங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. டிசம்பர் உச்சத்திலிருந்து விலை ஏறத்தாழ பாதியாகியிருந்த நேரம். அந்த வருடப் பிற்பகுதியில் மீண்டும் ஏறியது. அவர் கோபம் முழுக்க ஆதாரமில்லாததும் இல்லை. அந்த ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் டெஸ்லா கொடுத்த கார்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 13 சதவீதம் குறைந்தது. மக்கள் ஒரு தலைவரைப் பற்றி நினைப்பது இப்படி விற்பனை எண்ணிக்கையாகக் கணக்குக்குள் வரலாம். வந்த பிறகு அதை அந்த எண்ணிக்கையில் பார்த்து முடிவு எடுங்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

வெளிநாட்டுப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு, இடையில் ஒரு விஷயம். நீங்கள் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், ஒரே ஒரு பங்கு இருந்தாலும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டவேண்டும். அதற்கு ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கு. காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 2024 அக்டோபர் முதல், நிலம் கட்டிடம் தவிர்த்த சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் என்றால் அந்த அபராதம் இல்லை. ஆனாலும் காட்டவேண்டும்.

இப்போது இன்னும் மோசமான ஒன்று வந்திருக்கிறது. தலைவர் பேசவே வேண்டாம், அவர் முகமும் குரலும் போதும். தக்கலைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போனை நீட்டி, "இதை ஒண்ணு பாத்து சொல்லு மக்ளே" என்றார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொழில்நுட்பத் தலைவர், 21,000 ரூபாய் போட்டால் மாதாமாதம் லட்சக்கணக்கில் வரும் என்று சொல்கிறார். உதடு வார்த்தையோடு ஒட்டவில்லை. இன்போசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தியின் பெயரிலும் முகத்திலும் இப்படி வந்தபோது, 2023-லேயே அவரே பொய் என்று எச்சரித்தார். டீச்சர் படித்தவர், கணக்குப் பாடம் எடுத்தவர். "அவரு பொய் சொல்லமாட்டாருன்னு நெனச்சேன்" என்றார். ஏமாற்றுகிறவர்கள் குறிவைப்பது அந்த நினைப்பைத்தான்.

அப்படி ஒரு வீடியோ வந்தால் அதில் இருக்கும் இணைப்பைத் தொடவேண்டாம். பங்கு தரகர் என்று யாராவது சொன்னால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நாள் கடத்தவேண்டாம், உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போவதற்குள் வங்கிக் கணக்கை முடக்கினால்தான் மீட்க வழி உண்டு.

டீச்சர் நல்லவேளையாக இன்னும் பணம் அனுப்பியிருக்கவில்லை. வீடியோ அவருக்கு வந்தது பழைய சக ஆசிரியைகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில். அனுப்பிய தோழிக்கு என் அலுவலகத்தில் இருந்தே போன் போட்டார். எதிர்முனையில் அவர் ஏற்கெனவே இரண்டு தவணை கட்டிவிட்டதாகச் சொன்னார். கடைசியாகக் கட்டியது அன்று காலை. போனை வாங்கி நான் 1930 எண்ணைச் சொன்னேன்.