அணு வெடிப்பை விண்ணிலிருந்து காண்பதும் இடம் குறிப்பதும்

செயற்கைக்கோள் வழியே பூமியை ஆராயும் தொலையுணர்வுத் துறையில் இருப்பதால், எங்கேனும் நிலம் அதிர்ந்துவிட்டால் ‘அணுகுண்டுச் சோதனையாமே, சாட்டிலைட்டில் எந்த இடம் என்று தெரிந்துவிட்டதா?’ என்ற கேள்வி என்னிடம் வந்துவிடும். வெடித்ததை அறிவது வேறு. வெடித்த இடத்தைக் குறிப்பது வேறு. இரண்டின் பிழை வரம்பும் ஒன்றல்ல.

வளிமண்டலத்தில் வெடிக்கும் அணுகுண்டு இருமுறை ஒளிரும். முதல் ஒளி ஒரு மில்லிவிநாடிக்குள் உச்சம் தொடும். அதிர்ச்சி அலையால் சூடேறிய காற்று தீக்கோளத்தை மறைப்பதால் உடனே மங்கும். அக்காற்று விரிந்து குளிர்ந்து ஒளியை ஊடுருவ விட்டதும், இரண்டாம் ஒளி எழுந்து நெடுநேரம் நிற்கும். மின்னலோ விண்கல்லோ இவ்வடிவத்தை அப்படியே தருவது அரிது.

1979 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் வேலா 6911 செயற்கைக்கோள் பதிவுசெய்தது இந்த இரட்டை ஒளியைத்தான். ஆனால் அதன் ஒளிமானிகள் படம் எடுப்பவை அல்ல. ஒளியின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே அளப்பவை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பார்த்த அந்தக் கண்ணுக்கு, தென் அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்காவின் தென்முனை, அண்டார்க்டிகாவின் ஒரு பகுதி எல்லாம் ஒரே வட்டம். அதன் விட்டம் சுமார் 4,800 கிலோமீட்டர். அணு வெடிப்பில் எழும் மின்காந்தத் துடிப்பை அறிய அந்தச் செயற்கைக்கோளில் இருந்த உணரியும் அப்போது செயலிழந்திருந்தது. இரு ஒளிமானிகளின் அளவுகளும் முழுமையாக ஒத்துப்போகவில்லை. இதை ஆராய வெள்ளை மாளிகை அமைத்த, ஜாக் ரூயினா தலைமையிலான அறிவியலாளர் குழு, அது அநேகமாக அணு வெடிப்பு அல்ல என்று 1980-இல் கூறியது. உளவுத் துறையிலும் ஆய்வகங்களிலும் பலர் அதை ஏற்கவில்லை. என் மதிப்பில், ஒற்றைச் சாட்சியை நம்பியதன் விலை இந்தக் கருத்து வேறுபாடு.

1980 முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலும் அணு வெடிப்பை அறியும் இவ்வகை உணரிகள் பொருத்தப்படுகின்றன. ஒரே சைகை பல செயற்கைக்கோள்களை அடையும் நேர வேறுபாட்டிலிருந்து இடம் கணிக்கப்படுகிறது. ஒளி ஒரு மைக்ரோவிநாடியில், அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர் செல்லும் என்பதால், கடிகாரத்தின் துல்லியமே இடத்தின் துல்லியம்.

நிலத்தடியில் வெடித்தால் இந்த ஒளியே இல்லை. 2017 செப்டம்பர் 3 அன்று வடகொரியா நடத்திய சோதனையை முதலில் காட்டியவை நில அதிர்வு நிலையங்கள். பின்னர் ஜெர்மனியின் டெராசார்-எக்ஸ் செயற்கைக்கோள் சோதனைக்கு முன்னும் பின்னும் எடுத்த ரேடார் படங்களை ஒப்பிட்டபோது, சோதனை நடந்த மந்தாப் மலையின் பரப்பு 3.5 மீட்டர் வரை இடம்பெயர்ந்தது தெரிந்து, வெடித்த இடம் நெருக்கமாகக் குறிக்கப்பட்டது. ஆயினும் மலை நகர்ந்ததைச் சொல்லும் ரேடார், நகர்த்தியது அணுவா என்று சொல்லாது. அதற்கு, அணு வெடிப்பில் உருவாகிக் கசியும் கதிரியக்கச் செனான் வாயுவைக் காற்றில் தேடியாக வேண்டும்.